பெங்களூருவில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இ.எஸ்.ஐ. மருத்துவம்: எண் பெறுவது முதல் விடுப்புப் பணம் பெறுவது வரை

பீன்யாவிலோ பொம்மசந்திராவிலோ ஒரு தொழிற்சாலையிலும், ஓசூர் சாலையில் ஓர் ஆயத்த ஆடை நிறுவனத்திலும், நகருக்குள் ஒரு கடையிலோ காவல் பணி ஒப்பந்தத்திலோ சேர்ந்திருக்கும் தமிழர்களின் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்ற பெயரில் ஒரு சிறு தொகை மாதந்தோறும் பிடிக்கப்படுகிறது. அந்தத் தொகைக்கு ஈடாகத் தமக்கும் தம் குடும்பத்தாருக்கும் செலவு வரம்பில்லாத மருத்துவம் கிடைக்கும் என்பதை அறியாமலேயே, காய்ச்சலுக்குத் தெருமுனை கிளினிக்கிலும், அறுவைச் சிகிச்சைக்குக் கந்துவட்டியிலும் பணத்தைக் கரைப்பவர்களே அதிகம். அறிந்தவர்களும் நோய் வந்த பிறகுதான் அட்டையைத் தேடுகிறார்கள். என் மனைவிக்குச் சிகிச்சை தேவைப்பட்ட வேளையில், நான் வேலை பார்த்த நிறுவனம் அவர் பெயரைப் பதிவில் சேர்க்காமலே விட்டிருந்தது தெரியவந்து, கவுண்ட்டருக்கும் அலுவலகத்துக்கும் நடையாய் நடக்க வேண்டியதாயிற்று. இந்தத் திட்டத்தில் சிக்கல் பெரும்பாலும் மருத்துவரிடம் இருப்பதில்லை, தாள்களில்தான் இருக்கிறது. அவற்றை உடல் நன்றாக இருக்கும்போதே, சேர்ந்த முதல் மாதத்திலேயே சரிசெய்துகொள்ள வேண்டும். அதற்கான வரிசையைக் கீழே தருகிறேன்.

1. உங்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டா என்று முதலில் உறுதிசெய்யுங்கள்

பொதுவாகப் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலைகளும் நிறுவனங்களும் இத்திட்டத்துக்குள் வரும். மாதச் சம்பள வரம்பு 2017 ஜனவரியில் ரூ. 21,000 ஆகவும், மாற்றுத்திறனாளிகளுக்கு ரூ. 25,000 ஆகவும் நிர்ணயிக்கப்பட்டது. இந்த வரம்பை உயர்த்தும் பேச்சு அவ்வப்போது எழுவதால், நீங்கள் சேரும் நாளில் நடைமுறையில் உள்ள தொகையைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஓவர்டைம் சம்பளம் இந்த வரம்பைக் கணக்கிடும்போது சேர்க்கப்படாது. ஆனால் அந்தத் தொகைக்கும் சந்தா, அதாவது இந்த மாதப் பிடித்தம், உண்டு. எனவே ஓவர்டைமைச் சேர்த்து 22,000 வாங்குகிறாய், உனக்கு இ.எஸ்.ஐ. கிடையாது என்று மேற்பார்வையாளர் சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை.

2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். ரூ. 16,000 சம்பளத்துக்கு உங்கள் பங்கு ரூ. 120, நிறுவனத்தின் பங்கு ரூ. 520. நாளொன்றுக்குச் சராசரியாக ரூ. 176 வரை மட்டுமே பெறுபவர் தம் பங்கைச் செலுத்த வேண்டியதில்லை. நிறுவனத்தின் பங்கையும் உங்கள் சம்பளத்திலிருந்து கழிப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. சீட்டில் 640 ரூபாய் பிடிக்கப்பட்டிருந்தால் அன்றைக்கே கேளுங்கள். காண்ட்ராக்டர் வழியாக வேலைக்கு வந்தவர்களும் இத்திட்டத்துக்கு உரியவர்களே. காண்ட்ராக்டர் கட்டாமல் விட்டால், அவர் உங்களை அனுப்பியுள்ள மூல நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும்.

2. காப்பீட்டு எண்ணையும் அட்டையையும் கையில் வாங்குங்கள்

நிறுவனம் உங்களை இணையத்தில் பதிவு செய்தவுடன் பத்து இலக்கக் காப்பீட்டு எண் ஒன்று உருவாகும். அதை ஐ.பி. நம்பர் என்பார்கள். இதே எண்தான் உங்கள் பணிக்காலம் முழுவதும் தொடர வேண்டும். இதனுடன் ‘இ-பெஹ்சான்’ எனப்படும் அட்டை அச்சிடப்படும். அட்டை என்றதும் ஏ.டி.எம். அட்டை போன்ற ஒன்றை எதிர்பார்க்காதீர்கள். அது ஒரு சாதாரண வெள்ளைத் தாள்தான். அதில் உங்கள் பெயர், எண், குடும்பத்தாரின் பெயர்களும் உறவும், குடும்பப் புகைப்படம் ஒட்டும் இடம், உங்களுக்கும் குடும்பத்துக்கும் ஒதுக்கப்பட்ட மருந்தகம் (டிஸ்பென்சரி) ஆகியவை இருக்கும். புகைப்படம் ஒட்டி, அதன்மேல் படும்படியாக நிறுவனத்தின் முத்திரையும் கையொப்பமும் வாங்கிய பிறகுதான் அந்தத் தாளைக் கவுண்ட்டரில் தயக்கமின்றி ஏற்பார்கள். முத்திரை இல்லாத தாளோடு போய்த் திரும்பி வருபவர்களைத் தினமும் பார்க்கலாம்.

இதற்கு உங்கள் ஆதார், குடும்பத்தார் ஒவ்வொருவரின் ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல், குடும்பத்தோடு எடுத்த அஞ்சலட்டை அளவுப் புகைப்படம், உங்கள் பெயரிலேயே உள்ள கைபேசி எண் ஆகியவை வேண்டும். கைபேசி எண்ணில் கவனம் தேவை. ஊரிலிருந்து வந்தவர்கள் இங்கே புது சிம் வாங்கியதும் பழையதை விட்டுவிடுகிறார்கள். பதிவில் பழைய எண் இருந்தால் ஓ.டி.பி. ஒன்றும் வராது. பதிவுக்கோ அட்டைக்கோ அரசுக் கட்டணம் எதுவும் இல்லை. போட்டோவுக்கும் நகலுக்குமான செலவு மட்டுமே உங்களுடையது. ‘கார்டு போட்டுத் தருகிறேன்’ என்று இருநூறு முந்நூறு கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

3. பெயர், பிறந்த தேதி, குடும்பப் பட்டியல்: எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்

தமிழர்களுக்கென்றே அமைந்த சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நம் பெயருக்கு முன்னால் இனிஷியல் போடுவது வழக்கம். ஆதாரில் ‘மு. செல்வி’ என்றும், வங்கியில் ‘செல்வி முருகன்’ என்றும், பான் அட்டையில் ‘முருகன் செல்வி’ என்றும் இருக்கும். இங்குள்ள பணியாளர் பிரிவில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களை நிரப்புபவர் தமக்குத் தோன்றியபடி ஒன்றை எழுதிவிடுவார். மருந்து வாங்கும்போது இது பெரிதாகத் தெரியாது. விடுப்புப் பணமோ பிரசவப் பணமோ வங்கிக்கு வரவேண்டிய நேரத்தில்தான் பெயர் பொருந்தவில்லை என்று திரும்பிப் போகும். ஆகவே ஆதாரில் எப்படி இருக்கிறதோ, புள்ளியும் இடைவெளியும் உட்பட அப்படியே பதிவு செய்யச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கின் பெயரையும் அதற்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஆதாரில் பிறந்த ஆண்டு மட்டும் அச்சிடப்பட்டிருக்கும் பெரியவர்கள், ஆதார் மையத்தில் முழுத் தேதியைச் சேர்த்துக்கொண்ட பிறகு பதிவுக்குப் போவது மேல்.

குடும்பம் என்று சட்டம் கருதுவது யார் யாரை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கணவன் அல்லது மனைவி, உங்களைச் சார்ந்துள்ள பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள், படித்துக்கொண்டிருந்தால் 21 வயது வரையுள்ள பிள்ளைகள், திருமணமாகாத மகள், தாமே சம்பாதிக்க இயலாத உடல் அல்லது மனக் குறைபாடுள்ள பிள்ளை, உங்களைச் சார்ந்துள்ள பெற்றோர் ஆகியோர் வருவார்கள். பெற்றோரின் எல்லா வருமானமும் சேர்ந்து மாதம் ரூ. 9,000 ஐத் தாண்டக் கூடாது. திருமணமாகாமல், பெற்றோரையும் இழந்தவர்கள் தம்மைச் சார்ந்துள்ள சிறுவயதுத் தம்பி தங்கையரைச் சேர்க்கலாம். மனைவியின் பெற்றோரைத் தம் பெற்றோர் என்ற இடத்தில் எழுதி நுழைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. ஆதார் இணைக்கும்போது அது வெளிப்பட்டால் பதிவுக்கே சிக்கல் வரும்.

திருமணம் ஆனாலும் குழந்தை பிறந்தாலும் பட்டியல் தானாக மாறாது. நீங்கள் நிறுவனத்திடம் சொல்லி அவர்கள் இணையத்தில் சேர்க்க வேண்டும். பிறந்த குழந்தைக்கு ஆதார் இல்லையே என்று காத்திருக்காமல், பிறப்புச் சான்றிதழ் கிடைத்ததும் பெயரைச் சேர்க்கச் சொல்லிவிடுங்கள்.

4. மருந்தகத்தைத் தேர்ந்தெடுங்கள், குடும்பத்துக்கு வேறொன்றும் கேட்கலாம்

எந்த மருத்துவத்துக்கும் நுழைவாயில் உங்களுக்கு ஒதுக்கப்பட்ட இ.எஸ்.ஐ. மருந்தகம்தான், பேச்சு வழக்கில் டிஸ்பென்சரி. நிறுவனத்தார் தம் வசதிக்காக எல்லாத் தொழிலாளர்களுக்கும் தொழிற்சாலைக்கு அருகிலுள்ள ஒரே மருந்தகத்தைப் போட்டுவிடுவது வழக்கம். ஸ்ரீராமபுரத்தில் குடியிருந்துகொண்டு பொம்மசந்திராவில் வேலை பார்ப்பவர், காய்ச்சலோடு நகரத்தின் அந்தக் கோடிக்குப் போக முடியுமா? நீங்கள் படுத்திருக்கப்போவது வீட்டில்தான். ஆகவே வீட்டுக்குப் பக்கத்தில் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

மிகப் பலருக்குத் தெரியாத ஒரு வசதி உண்டு. மருந்தகம் என்ற கட்டம் உங்களுக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று என்று இரண்டாகவே இருக்கிறது. மனைவியும் பிள்ளைகளும் தர்மபுரியிலோ திருப்பத்தூரிலோ இருக்க, நீங்கள் மட்டும் இங்கே அறையெடுத்துத் தங்கியிருந்தால், குடும்பத்துக்கான கட்டத்தில் ஊருக்கு அருகிலுள்ள தமிழ்நாட்டு மருந்தகத்தைப் போடச் சொல்லலாம். அங்கிருந்து அவர்களுக்குச் சேலம், வேலூர், கோயம்புத்தூர் போன்ற இடங்களிலுள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளுக்கான வழி திறக்கும். சந்தா கர்நாடகத்தில் கட்டப்படுகிறது என்பது இதற்குத் தடையாகாது. பணியாளர் பிரிவில் இருப்பவருக்கே இது தெரியாமல், ‘பெங்களூருவில் மட்டும்தான்’ என்று சொல்லக்கூடும். பதிவுப் பக்கத்தைத் திறந்து அந்த இரண்டாவது கட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

5. சந்தா உண்மையில் கட்டப்படுகிறதா என்று பாருங்கள்

சம்பளத்தில் பிடிப்பது வேறு, கட்டுவது வேறு. ஒரு மாதத்துச் சந்தாவை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் நிறுவனம் செலுத்த வேண்டும். இத்திட்டத்தை நடத்தும் இ.எஸ்.ஐ. கழகத்தின் இணையதளத்திலோ மத்திய அரசின் உமங் செயலியிலோ உங்கள் எண்ணைக் கொண்டு நுழைந்தால், மாதவாரியாக எத்தனை நாள் சம்பளத்துக்குச் சந்தா வந்திருக்கிறது என்பது தெரியும். நாட்களின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். 26 நாள் வேலை செய்திருக்க, பதிவில் 12 நாள் என்று இருந்தால், பின்னால் சொல்லப்போகும் பணப் பயன்களுக்கான தகுதியே போய்விடும். நிறுவனம் திருத்த மறுத்தால் கட்டணமில்லா உதவி எண் 1800-11-2526 இல் முறையிடலாம், அல்லது பின்னிப்பேட்டையிலுள்ள மண்டல அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளலாம். எழுத்தில் கொடுப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

6. உடல்நலம் குன்றினால்: மருந்தகம், மருத்துவமனை, பரிந்துரை

மருத்துவப் பயன் வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே தொடங்குகிறது. காத்திருப்புக் காலம் எதுவும் இல்லை. அட்டைத் தாளோடும் ஆதாரோடும் காலையிலேயே மருந்தகத்துக்குச் செல்லுங்கள். மருத்துவர் பார்த்து, மருந்து அங்கேயே தரப்படும். எழுதிய மருந்து இருப்பில் இல்லையென்றால் பேசாமல் வெளிக்கடைக்குப் போய்விடாதீர்கள். இருப்பில் இல்லை என்று சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டு, கடையின் அசல் ரசீதைப் பத்திரப்படுத்தினால்தான் அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்க முடியும்.

அங்கே முடியாததை மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். பெங்களூருவில் ராஜாஜிநகரில் கழகமே நடத்தும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், பீன்யாவில் மற்றொன்றும், இந்திராநகரில் மாநில அரசு நடத்தும் மருத்துவமனையும் இருக்கின்றன. ராஜாஜிநகரில் கூட்டம் மிகுதி. ஏ.ஏ.ஏ. பிளஸ் என்ற செயலியில் முன்கூட்டியே நேரம் பதிவு செய்தால் ஓ.பி. சீட்டு வரிசை குறையும், மருத்துவர் அறைக்கு முன்னுள்ள வரிசை குறையாது. பெயர்ப்பலகைகளும் அறிவிப்புகளும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும் என்றாலும், வரிசையில் நிற்பவர்களில் தமிழ் பேசும் ஒருவராவது கிடைக்காமல் போவதில்லை.

இம்மருத்துவமனைகளில் வசதியில்லாத சிகிச்சைக்கு, ஒப்பந்தம் செய்துகொண்ட தனியார் மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் தருவார்கள். அந்தக் கடிதத்தோடு போனால் நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை, கடிதமில்லாமல் அதே மருத்துவமனைக்குப் போனால் முழுப் பணமும் உங்களுடையது. கடிதத்தில் எந்த நோய்க்கு, எந்தச் சிகிச்சைக்கு, எந்தத் தேதி வரை என்பவை எழுதப்பட்டிருக்கும். தேதி முடிந்துவிட்டாலும், எழுதப்படாத இன்னொரு பரிசோதனையைத் தனியார் மருத்துவர் சொன்னாலும், திரும்பி வந்து நீட்டிப்பு வாங்க வேண்டும். ‘செய்துவிடலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லும் மேசையை நம்பிக் கையொப்பம் போடாதீர்கள். கடிதத்தை வாங்கியவுடன் இரண்டு நகல் எடுத்துவைப்பதும் நல்லது, அசலைத் தனியார் மருத்துவமனை தன்னிடமே வைத்துக்கொள்ளும்.

இதய அறுவைச் சிகிச்சை போன்ற உயர் சிறப்புச் சிகிச்சைகளுக்கு மட்டும் சேவைக் காலம் பார்க்கப்படும். 2018இல் இந்த நிபந்தனை தளர்த்தப்பட்டபோது, தொழிலாளிக்கு ஆறு மாத வேலையும் 78 நாள் சந்தாவும், குடும்பத்தாருக்கு ஓராண்டு வேலையும் 156 நாள் சந்தாவும் வேண்டும் என்று வைக்கப்பட்டது. ஊரிலிருக்கும் தந்தைக்கு அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டுமென்பதற்காகவே வேலைக்குச் சேர்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

7. அவசரம் என்றால்

மாரடைப்புக்கோ விபத்துக்கோ மருந்தகச் சீட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நேரடியாக இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ, ஒப்பந்தமுள்ள தனியார் மருத்துவமனைக்கோ போகலாம். தனியாரில் சேர்த்தவுடன் ‘இவர் இ.எஸ்.ஐ. தொழிலாளி’ என்று எண்ணோடு சொல்லிப் பதிவுசெய்யச் செய்யுங்கள். அடுத்த வேலை நாளே குடும்பத்தில் ஒருவர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குச் சென்று தெரிவித்துக் கடிதம் பெற வேண்டும். ஒப்பந்தமில்லாத மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு கேட்கலாம். அதற்கு அவசரநிலைச் சான்று, டிஸ்சார்ஜ் சுருக்கம், எல்லா அசல் ரசீதுகளும் வேண்டும். முழுத் தொகையும் வரும் என்று எண்ணிக் கடன் வாங்காதீர்கள். மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டத்தின் கட்டண விகிதப்படிதான் கணக்கிட்டுத் தருவார்கள். அந்த விகிதம் தனியார் ரசீதைவிடப் பெரும்பாலும் குறைவு, பணம் வருவதற்கு மாதங்களும் ஆகும்.

வீட்டுக்குப் பக்கத்தில் எந்த இ.எஸ்.ஐ. வசதியும் இல்லாத புதியவர்கள் சிலர், தமிழ்நாட்டுக் குடும்ப அட்டையைக் காட்டிக் கர்நாடக அரசின் ஆரோக்கிய கர்நாடகா திட்டத்தில் சேரப் பார்க்கிறார்கள். அது கர்நாடகக் குடும்ப அட்டையை அடிப்படையாகக் கொண்டது என்பதால் பலிக்காது.

8. விடுப்புப் பணம், பிரசவப் பணம், வேலையிடத்து விபத்து

நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரி நாட்சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டில் 91 நாள் வரை கிடைக்கும். முதல் இரண்டு நாட்களுக்குப் பணம் இல்லை. முந்தைய நோய் விடுப்பு முடிந்து பதினைந்து நாட்களுக்குள் மறுபடி நோயுற்றால் இந்தக் கழிவு கிடையாது. சான்றிதழை இ.எஸ்.ஐ. மருத்துவரே தர வேண்டும். வீட்டில் நான்கு நாள் படுத்திருந்துவிட்டு ஐந்தாம் நாள் போய் முன்தேதியிட்டுக் கேட்டால் தரமாட்டார்கள், எனவே முதல் நாளே போய்ச் சீட்டு போடுங்கள். வேலைக்குத் திரும்பும்போது உடல்தகுதிச் சான்றும் வாங்கி, இரண்டையும் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். மருத்துவம் ஓரிடத்தில், பணம் வேறோர் அலுவலகத்தில் என்பதே புதியவர்களைக் குழப்புவது. இந்தப் பணம் பெறும் காலத்தில் உங்களை வேலையிலிருந்து நீக்கச் சட்டம் இடம் தரவில்லை.

தகுதிக்கு ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தா வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியது, அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பயன் தரும். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது, ஜூலை முதல் டிசம்பர் வரை பயன் தரும். முதன்முறையாக வேலைக்கு வந்தவருக்கு, சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது மாதம் கழித்தே பணப் பயன் தொடங்கும். ஜூன் 10 அன்று சேர்ந்தவருக்கு மார்ச் 10க்கு முன்னால் விடுப்புப் பணம் இல்லை, மருத்துவம் மட்டும் உண்டு.

ஆயத்த ஆடைத் தொழிலில் உள்ள பெண்கள் கவனிக்க வேண்டியது பிரசவப் பயன். முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் 70 நாள் சந்தா இருந்தால் 26 வாரங்களுக்கு முழுச் சம்பளம் கிடைக்கும். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம், கருச்சிதைவுக்கு ஆறு வாரம். கருவுற்றது தெரிந்ததும் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடும் வழக்கத்தால் இந்தப் பணத்தை இழப்பவர்கள் ஏராளம். விடுப்பில் போங்கள், வேலையை எழுதிக்கொடுத்துவிடாதீர்கள்.

வேலையிடத்து விபத்துக்கும், வேலைக்கு வரும் போகும் வழியில் வேலையோடு தொடர்புடையதாக நிறுவக்கூடிய விபத்துக்கும் சந்தா நாட்கள் பார்க்கப்படுவதில்லை. முதல் நாளிலிருந்தே 90 சதவீத விகிதத்தில் பணம் கிடைக்கும். காயம் சிறிதென்று தோன்றினாலும் அன்றே விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்து, நிறுவனம் இணையத்தில் அறிக்கை அனுப்பியதா என்று கேளுங்கள். எண் உருவாக்காமலே ஆட்களை இயந்திரத்தில் நிறுத்தும் இடங்களில், விரல் போன பிறகு அவசரமாகப் பதிவு செய்யப் பார்ப்பார்கள். அதனால்தான் சேர்ந்ததும் எண்ணைக் கேட்டு வாங்கச் சொன்னேன்.

9. வேலை மாறும்போதும் சம்பளம் உயரும்போதும்

புதிய நிறுவனத்தில் பழைய எண்ணையே கொடுங்கள். சேரும் வேகத்தில் புது எண் போட்டுவிட்டால் சந்தா நாட்கள் இரண்டாகப் பிரிந்து, இரண்டிலும் தகுதி குறையும். அப்படி நேர்ந்திருந்தால் கிளை அலுவலகத்தில் இரு எண்களையும் இணைக்க விண்ணப்பிக்க வேண்டும்.

சம்பளம் வரம்பைத் தாண்டினாலும், நடப்புச் சந்தாக் காலம் முடியும்வரை பிடித்தமும் பயனும் தொடரும். மே மாதம் உயர்ந்தால் செப்டம்பர் 30 வரை நீங்கள் உள்ளேதான் இருப்பீர்கள், கட்டிய சந்தாவுக்குரிய பயன் காலமும் அதன் பிறகு வரும். அந்த இடைவெளியில் தனியார் மருத்துவக் காப்பீடு ஒன்றை எடுத்துவிடுங்கள், ஏனெனில் புதிய காப்பீடுகளில் பழைய நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு.

குறைந்தது ஐந்தாண்டு இ.எஸ்.ஐ. வேலையில் இருந்து பணி ஓய்வு பெறுபவர், ஆண்டுக்கு ரூ. 120 முன்பணமாகக் கட்டினால் தமக்கும் தம் துணைக்கும் மருத்துவம் தொடரும். ஓய்வு பெறும் மாதத்திலேயே நிறுவனத்திடம் அதற்கான சான்றை வாங்கிக்கொள்ளுங்கள். நிறுவனம் மூடப்பட்ட பின் அந்தக் கையொப்பத்தைப் பெற யாரிடமும் போக முடியாது.